ஏஜென்சி வழியாக விற்கும் படங்களுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பாடு போட முடியும்? (மண்டபத்துப் படகுப் படம்)

தென்கடல் | மே 28, இரவு 9.40

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு வெளிநாட்டு ஸ்டாக் ஏஜென்சி (எடுத்துவைத்த படங்களை இணையத்தில் விற்றுத்தரும் நிறுவனம்) வழியாகப் படங்களை உரிமத்துக்குக் கொடுத்துவருகிறேன். இன்றைய தேதியில் என் படங்கள் அங்கே ஏறத்தாழ 1,400 உள்ளன. பாம்பன் பாலம், அரிச்சல்முனை, தேவிபட்டினத்து நவபாஷாணம், காரங்காட்டு அலையாத்திக் காடு என்று ஊரைச் சேர்ந்தவை பாதி. கடல்தொழில் செய்கிற மனிதர்கள் மீதிப் பாதி. ஏஜென்சியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

சென்ற ஆண்டுத் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் ஒரு நாள், வேலைக்காகக் கரையேற்றி வைத்திருந்த ஒரு விசைப்படகைப் படம் எடுத்தேன். எஞ்சின் இறக்கப்பட்டு, பழைய பெயிண்ட் சுரண்டப்பட்டு, பாதி பச்சையும் பாதி வெறும் மரமுமாக முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. அணியத்தில் (படகின் முன்பகுதியில்) பதிவு எண் மட்டும் புதிதாக எழுதப்பட்டுத் தெளிவாக இருந்தது. பின்னால் கடல், அதற்கு மேல் மேகம். நல்ல படம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சென்ற வாரம் அந்தப் படகின் உரிமையாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய கைபேசியில் ஒரு செய்தித் தளம் திறந்திருந்தது. கடல் அட்டைக் கடத்தலைப் பற்றிய செய்தி; அதன் தலையில் என் படம். கரையையும் முட்டுக்கட்டைகளையும் வெட்டிவிட்டு, அணியமும் எண்ணும் கடலும் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள். 2001 முதல் நம் நாட்டில் கடல் அட்டை பிடிப்பதே குற்றம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்தியில் அவருடைய படகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. “தடை முடிந்து கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போகும்போது மீன்துறை ஆபீசில் இதைக் காட்டிக் கேட்டால் நான் என்ன சொல்வது, தம்பி?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குத் தேநீர் கொடுத்தேன். அதைக் குடிக்காமலே போய்விட்டார்.

விற்பனைக் கணக்கைப் பார்த்தேன். அந்த உரிமம் முறையாக வாங்கப்பட்டதுதான், திருட்டு இல்லை. இப்படிப்பட்ட பயன்பாட்டைத் தடுக்க ஏஜென்சிப் பக்கத்தில் நான் எதை மாற்ற வேண்டும்? ஏற்கெனவே விற்ற உரிமத்தைத் திரும்பப் பெற முடியுமா? கட்டுப்பாடு போட்டால் விற்பனை எவ்வளவு அடிவாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டித்துறை | மே 28, இரவு 10.25

அண்ணே, முதலில் உங்கள் படம் எந்த வகையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ராயல்டி ஃப்ரீ என்று ஏற்றியிருந்தால், வாங்கியவர் ஒரு முறை பணம் கட்டிவிட்டு, உரிமத்தின் பொதுவான வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அதில் நாடு, காலம், ஊடகம் என்று நீங்கள் தனித்தனியாகக் கோடு போட இடமே கிடையாது. அதிகம் போனால் ‘எடிட்டோரியல் மட்டும்’ (செய்திக்கு மட்டும், விளம்பரத்துக்கு இல்லை) என்ற ஒரு கட்டத்தில் டிக் போடலாம். ரைட்ஸ் மேனேஜ்டு வகையில்தான் விளம்பரத்துக்கு விற்காதே, இந்த நாட்டில் விற்காதே என்றெல்லாம் சொல்ல முடியும்.

ஆனால் அந்த வகையே தேய்ந்துவருகிறது. கெட்டி இமேஜஸ் என்ற பெரிய ஏஜென்சி தன்னுடைய கிரியேட்டிவ் தொகுப்பில் (செய்தி அல்லாத படங்களில்) ரைட்ஸ் மேனேஜ்டு முறையை 2020-இல் கைவிட்டுவிட்டது. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற இடங்களில் படம் கொடுப்பவருக்கு அந்த வகை கிடைப்பதே இல்லை. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் படம் கொடுப்பவருக்கான கமிஷன் முறையை மாற்றியபோது, அடிமட்ட விகிதம் 15 சதவீதத்தில் தொடங்குகிறது என்றும், ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லாரும் மறுபடி முதல் படிக்கு இறங்க வேண்டும் என்றும் வைத்தார்கள். அந்த விலையில் விற்கும்போது கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவது, அரையணாப் பூனைக்கு ஒரு பணத்துப் பால் ஊற்றுவது போல ஆகிவிடும். நான் எதற்கும் கட்டுப்பாடு போடுவதில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அரண்மனைவாசல் | மே 29, காலை 6.15

தம்பிமார்களே, நான் ராமநாதபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். இப்போது கடையை மூடிவிட்டேன். ஸ்லைடு காலத்தில் கட்டுப்பாடு என்பது தனியாகப் போடுகிற ஒன்றாக இருக்கவில்லை. உரிமம் என்றாலே கட்டுப்பாடுதான். எந்த இதழ், எந்தப் பக்கம், அட்டையா உள்பக்கமா, எத்தனை பிரதி, எந்த மொழி, எத்தனை மாதம் என்று கேட்டுத்தான் விலை சொல்வோம். ஸ்லைடைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினால், உறையின் மேல் ‘ஒரு முறை மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். மூன்று மாதம் கழித்து ஸ்லைடு திரும்பி வரும், சில சமயம் தேநீர்க் கறையோடு. ஆனால் திரும்பி வந்துவிடும். பொருள் என் கையில் இருக்கிறவரை இரண்டாவது முறை அச்சிட என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் யாரையாவது தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது காலமாக இருந்தது; தொண்டியிலிருந்து ஒரு பையன் உலகத்துக்கே படம் விற்பதை அன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. நான் சொல்வது ஒன்றுதான்: வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்ற கேள்வி அந்த வியாபாரத்துக்குள்ளேயே இருந்தது. இப்போது அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்?

மேசைவிளக்கு | மே 29, முற்பகல் 11.50

ஐயாவின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் நான் மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறேன். மதுரையில் ஒரு செய்தி நிறுவனத்தில் பக்க வடிவமைப்பு வேலை. யாரும் கேட்பதில்லை. எங்களிடம் சந்தாக் கணக்கு இருக்கிறது. மாதத்துக்கு இத்தனை படம் என்று உரிமை. இரவு பதினொரு மணிக்குச் செய்தி வருகிறது, பன்னிரண்டுக்குள் ஏற்ற வேண்டும். தேடல் கட்டத்தில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுகிறோம். தலைப்பு வைக்க மேலே வெற்றிடம் உள்ள படமாக முதல் இரண்டு வரிசைக்குள் எது வருகிறதோ அதை இறக்குகிறோம். படக்குறிப்பை யாரும் திறப்பதில்லை. கட்டுப்பாடு இருந்தால் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் தெரியும். ‘எடிட்டோரியல் மட்டும்’ என்ற அடையாளத்தைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதிதான், ஏனென்றால் நாங்கள் செய்தி நிறுவனம். அந்தச் சொல் எங்களைத் தடுப்பதற்குப் பதிலாக உள்ளே வரச் சொல்கிறது.

தென்கடல் அண்ணே, ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல் அட்டைக் கடத்தல் செய்திக்கு நான் படம் தேடினால் ‘கடத்தல்’, ‘படகு’, ‘இலங்கை’ என்றுதான் ஆங்கிலத்தில் தட்டுவேன். கரையில் பெயிண்ட் அடிக்க நின்ற படகு அந்தத் தேடலில் எப்படி மேலே வந்தது? அந்தப் படத்தின் குறிச்சொற்கள் என்னென்ன?

தென்கடல் | மே 29, மாலை 7.05

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தேன்.

ஏஜென்சி ஒரு படத்துக்கு 50 குறிச்சொற்கள் வரை ஏற்கும். நிறைய சொற்கள் இருந்தால் நிறைய தேடலில் வரும் என்ற எண்ணத்தில், கடற்கரைப் படங்களுக்கென்று ஒரே ஒரு பட்டியலைச் செய்து வைத்துக்கொண்டு, ஏற்றும்போதெல்லாம் அதை அப்படியே ஒட்டிவந்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் மீன், வலை, படகு, ராமேசுவரம் ஆகியவற்றோடு எல்லை, இலங்கை, அகதி, கடத்தல், கடலோரக் காவல் ஆகியவையும் இருக்கின்றன. பட்டியலைச் செய்தவன் நான்தான். கடத்தல் என்ற சொல்லை அந்தப் படகின்மேல் எழுதியவனும் நான்தான், அதுவும் இரண்டாயிரம் ரூபாய்கூடத் தேறாத ஒரு விற்பனைக்காக.

அந்தத் தளத்தின்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெட்டிப் போட்டது அவர்கள்தான். ஆனால் நேற்று எழுதியபோது இருந்த நிமிர்வு இன்று எனக்கு இல்லை.

தொண்டித்துறை | மே 29, இரவு 8.20

அண்ணே, நானும் போய் என்னுடையதைப் பார்த்தேன். 37 படங்களில் அதே சொல் இருக்கிறது. ஒன்று, எங்கள் தெருத் தாத்தா வலை பின்னுகிற படம்.

கீழக்கரையான் | மே 30, காலை 10.10

தென்கடல் தம்பிக்கு. நான் வழக்கறிஞன்; ஆனாலும் இது பொதுவான விளக்கம்தான், உங்கள் ஒப்பந்தத்தை நான் படித்துப் பார்க்கவில்லை.

கட்டுப்பாடு என்பது மூன்று காகிதங்களின் வழியாகப் பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். ஏஜென்சிக்கும் வாங்குபவருக்கும் இடையே ஓர் உரிமம். இடையில் துணை விற்பனையாளர்கள் இருந்தால் அவர்களோடு மற்றொன்று. நீங்கள் டிக் போடுகிற கட்டம் முதல் காகிதத்தில் இருக்கிறது. அது இரண்டாவது காகிதத்தில் எழுத்தாக இறங்கினால்தான் வாங்குபவரைக் கட்டும். இறங்காவிட்டால் உங்களுக்கு வழக்கு ஏஜென்சியோடுதான். அதுவும் ஒப்பந்தத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறதோ அந்த நாட்டில்.

நம்முடைய 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பதிப்புரிமையை எழுதி மாற்றிக் கொடுப்பது பற்றிய 19-ஆம் பிரிவை 30-ஏ பிரிவு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அதன்படி காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ஆனால் ஏஜென்சி ஒப்பந்தங்கள் ‘உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும்’ என்று வெளிப்படையாகவே எழுதிவிடுவதால் இந்த நிரப்பு விதிகள் உங்களுக்குக் கைகொடுக்க மாட்டா. ஏற்கெனவே விற்ற உரிமம் அதன் காலம் முடிகிறவரை செல்லும். இன்று நீங்கள் போடுகிற கட்டுப்பாடு நாளைய விற்பனைக்குத்தான்.

உங்களிடம் எஞ்சியிருப்பது 57-ஆம் பிரிவு. உரிமத்தை விற்றுவிட்டாலும், படைப்பைச் சிதைத்தோ திருத்தியோ படைப்பாளியின் மதிப்பைக் கெடுக்கும்படி பயன்படுத்தினால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அது இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச்சிற்பத்தைக் கழற்றிப் போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல் இந்தப் பிரிவை வைத்தே அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உங்கள் படத்தில் கரையையும் முட்டுக்கட்டைகளையும் வெட்டியதால் படத்தின் பொருளே மாறியிருக்கிறது. வாதிட இடம் உண்டு. ஆனால் இது உங்கள் மதிப்பைப் பற்றிய பிரிவு. படகுக்காரரின் மதிப்பைப் பற்றிய வழக்கை அவர்தான் தொடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அதற்கு, அதாவது அவதூறுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டத்தின்) 356-ஆம் பிரிவு. அவர் அப்படித் தொடுத்தால் குறிச்சொல் பட்டியலும் நீதிமன்றத்துக்கு வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

‘எடிட்டோரியல் மட்டும்’ என்பதைப் பற்றி மேசைவிளக்கு சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஐஸ்டாக் என்ற ஏஜென்சியின் உரிம விதிகளில் ஒரு பகுதியைப் பாருங்கள். படத்தில் இருப்பவருக்கோ உடைமைக்கோ அவப்பெயர் தரக்கூடிய பொருளோடு படத்தைச் சேர்த்தால், ‘இது விளக்கத்துக்கான படம், இருப்பவர் மாடல்’ என்று அருகில் குறிப்பிட வேண்டும் என்கிறார்கள். நல்ல விதி. ஆனால் எடிட்டோரியல் படத்தை எடிட்டோரியலாகவே பயன்படுத்தினால் அந்தக் குறிப்புத் தேவையில்லை என்று அடுத்த வரியிலேயே விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒப்புதல் வாங்காத மீனவருடைய படத்துக்கு, ஒப்புதல் வாங்கிப் பணம் கொடுத்து நடிக்க வைத்த மாடலின் படத்தைவிடக் குறைந்த பாதுகாப்புத்தான் கிடைக்கிறது.

சின்னப்பாலம் | மே 30, பிற்பகல் 3.35

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். நான் படம் எடுப்பவள் இல்லை. கணினி மையத்தில் வேலை. என் தம்பி இந்த இழையை அனுப்பியதால் கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

என் அம்மா பாசி எடுக்கிறவர். சேலைக்கு மேல் என் அப்பாவின் பழைய சட்டை, விரல்களில் கிழித்த துணி, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் சாக்கு. இந்தக் கோலத்தில் அவரை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். யாரும் கொடுமை செய்ய நினைத்து எடுக்கவில்லை. கடலுக்குள் மூச்சடக்கிப் போகிற பெண்கள் என்று பாராட்டி எழுதத்தான் வந்தார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்தத் தீவோரம் பாசி எடுக்கப் போவது வனத்துறையின் கண்ணில் அத்துமீறல். அதே பாராட்டுப் படம் ஏஜென்சிக்குப் போய், அங்கிருந்து பவளப்பாறை அழிவைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. படத்தின் கீழே தீவின் பெயரும் இருந்தது.

அம்மாவுக்கு இணையம் தெரியாது என்பதால் நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துச் சங்கத்துக் கூட்டத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “முகத்தைத்தான் எடுத்தான், பேரைக் கேட்கவில்லை” என்று மட்டும் சொன்னார்.

அண்ணன்மார்கள் விளம்பரத்துக்கு விற்பதா, செய்திக்கு விற்பதா என்று பேசுகிறீர்கள். எண்ணெய் விளம்பரத்தில் அம்மாவின் படம் வந்திருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும், அதோடு போயிருக்கும். எங்களைச் சுடுவது செய்திதான்.

தொண்டித்துறை | மே 30, மாலை 6.50

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனாலும் நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. செய்தியில் வருகிற எல்லா மனிதர்களிடமும் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வைத்தால், தடியடியையோ, புயலில் சேதமான படகையோ, சிறையிலிருந்து திரும்பாத மீனவருக்காகச் சாலையில் உட்கார்ந்த குடும்பத்தையோ யாரும் காட்ட முடியாது. அப்போது லாபம் யாருக்கு? ஒப்புதல் படிவம் என்று ஏஜென்சிகள் கொடுப்பது ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், ஏறத்தாழ எதற்கு வேண்டுமானாலும் அவர் முகத்தை விற்கலாம் என்று பொருள். கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஒப்புதலே இல்லாத எடிட்டோரியல் நேர்மையானது என்பேன்.

கீழக்கரையான் | மே 30, இரவு 9.30

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நடந்த நிகழ்வின் செய்திக்கு அந்த நிகழ்வின் படத்தை வைப்பது வேறு. எங்கேயோ என்றைக்கோ எடுத்த படத்தை இன்னொரு செய்திக்கு அலங்காரமாக ஒட்டுவது வேறு. இரண்டையும் எடிட்டோரியல் என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் இந்தத் தொழிலின் கோளாறு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1994-இல் சொன்னதும் இந்த வேறுபாட்டுக்கு அருகில் வருகிறது: பொதுப் பதிவேட்டில் உள்ளதைப் பிரசுரிக்கலாம், ஆனால் தனி மனிதனுக்குத் தன்னைச் சும்மா விடச் சொல்கிற உரிமை உண்டு. 2017-இல் புட்டசாமி வழக்கில் அது அடிப்படை உரிமையாகவே ஆனது.

ஒப்புதல் இல்லாத படம் விளம்பரத்துக்குப் போனாலும் சிரிப்போடு முடியும் என்று சகோதரி நினைக்க வேண்டாம். 2013-இல் நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலகம் எச்.ஐ.வி. தொற்றாளர் உரிமை விளம்பரத்துக்கு ஏஜென்சிப் படம் ஒன்றை வாங்கிப் பத்திரிகையில் போட்டது. படத்தில் இருந்த பெண்ணுக்கு அந்தத் தொற்றும் இல்லை, அவர் ஒப்புதலும் கொடுக்கவில்லை. அலுவலகத்தின் மேலும் வழக்கு, ஏஜென்சியின் மேலும் வழக்கு.

மேசைவிளக்கு | மே 31, பிற்பகல் 1.15

துணை விற்பனையாளர் என்று காக்கா சொன்னதை விரிக்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய கட்டுப்பாடுகள் ஒழுகிப் போகின்றன. பெரிய ஏஜென்சிகள் பல நாடுகளில் வேறு நிறுவனங்கள் வழியாகவும் விற்கின்றன. படம் அங்கே போகும்போது, உங்கள் பக்கத்தில் டிக் போட்டது அங்கே ஒரு சிறு குறிப்பாக மாறலாம், அல்லது அந்த அமைப்பில் அதற்குரிய கட்டமே இல்லாமல் போகலாம். எங்கள் அலுவலகத்துக்கு வந்த சில படங்களில் ‘இந்தியாவில் பயன்படுத்தக் கூடாது’ என்று கோப்புக்குள் எழுதியிருந்ததை, உரிமம் வாங்கிப் பயன்படுத்திய பிறகுதான் நான் பார்த்தேன். பல ஏஜென்சிகளில் துணை விற்பனையிலிருந்து விலகிக்கொள்ள ஒரு வழி வைத்திருப்பார்கள்; ஆண்டில் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் விலகலாம் என்றுகூட இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

கோப்புக்குள் எழுதுவது என்றால் ஐ.பி.டி.சி. மெட்டாடேட்டா, அதாவது படக் கோப்போடு சேர்ந்தே இருக்கும் விவரங்கள். அதில் சிறப்பு அறிவுறுத்தல் என்று ஒரு கட்டம் உண்டு. உரிம விதிகளுக்கு ஒரு கட்டம் உண்டு. 2023-இல் வந்த பதிப்பிலிருந்து, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனுமதி உண்டா இல்லையா என்று குறிக்கவும் ஒன்று உண்டு. எழுதிவையுங்கள், ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். தளங்கள் படத்தைச் சுருக்கும்போது இவை உதிர்ந்துவிடுவது சகஜம். படத்தின் மேலேயே தெரிகிறவை மட்டும்தான் கூடவே வரும்.

இன்னொன்று. பாலத்துப் படங்களுக்குக் கட்டுப்பாடு போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றில் தேதிதான் முக்கியம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. ‘பாம்பன் பாலம்’ என்று மட்டும் குறிப்பு எழுதிய படங்களால் நாங்கள் இரண்டு முறை திருத்தம் வெளியிட்டிருக்கிறோம்.

தென்கடல் | ஜூன் 7, இரவு 10.00

ஒரு வாரம் உட்கார்ந்து 1,400 படங்களையும் பார்த்தேன். செய்ததை எழுதுகிறேன்.

பாலம், கடற்கரை, கோயில், பூநாரைக் கூட்டம் ஆகிய 780 படங்களை அப்படியே ராயல்டி ஃப்ரீயாக விட்டுவிட்டேன். அந்தப் பொதுப் பட்டியலைக் கணினியிலிருந்தே அழித்தேன். கடத்தல், அகதி, எல்லை என்ற சொற்கள் ஒட்டியிருந்த 412 படங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து அவற்றை நீக்கினேன். படத்தில் கண்ணால் பார்க்க முடியாத எதையும் குறிச்சொல்லாகப் போடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். படகுப் படங்களில் பதிவு எண்ணை மறைத்து மறுபடி ஏற்ற நினைத்தேன். ஆனால் செய்திக்கென்று கொடுக்கும் படத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது ஏஜென்சியின் விதி, அது நியாயமான விதியும்கூட. ஆகவே எண் தெரியும் படங்களை இறக்கிவிட்டு, அதே படகை எண் தெரியாத கோணத்தில் எடுத்தவற்றை மட்டும் வைத்திருக்கிறேன்.

முகம் தெரிகிற 96 படங்களை ஏஜென்சியிலிருந்து முழுவதும் எடுக்கச் சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் இனி என்னிடமே கேட்கட்டும். எந்தச் செய்தி, எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று ஐயா கேட்ட அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன். வருமானம் விழும். சென்ற ஆண்டுக் கணக்கில் இந்த 96 படங்களுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வந்திருக்கிறது. தொண்டித் தம்பி என்னை முட்டாள் என்று நினைக்கலாம். ஆண்டு முடிவில் கணக்கை இங்கேயே போடுகிறேன்.

சின்னப்பாலம் சகோதரிக்கு: அந்த 96-இல் பாசி எடுப்பவர்களின் படங்கள் 14 இருந்தன. உங்கள் அம்மா அவற்றில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நானும் பேரைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவரலாமா?

படகுக்காரரிடம் போய்க் குறிச்சொல் விஷயத்தையும் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தளத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு படத்தை மாற்றிவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் வரவில்லை. இந்த ஆண்டு எண்ணை எழுதுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், வேண்டுமென்றால் அப்போது எடுத்துக்கொள்ளச் சொல்லி.

சின்னப்பாலம் | ஜூன் 8, காலை 7.45

ஞாயிறு காலையில் கடலுக்குப் போய்விடுவார்கள், அண்ணே. மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள்.

அரண்மனைவாசல் | ஜூன் 8, காலை 8.30

தம்பி, எண் எழுதாத படகைப் படம் எடுத்தால் படக்குறிப்பில் தடைக்காலம், கரையில் மராமத்து, மாதம், ஆண்டு ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். முட்டுக்கட்டை இல்லாமல் வெட்ட முடியாதபடி, படகைக் கொஞ்சம் கீழிருந்து, அணியத்துக்கு முன்னால் கட்டை வருகிற கோணத்தில் எடுங்கள்.

தென்கடல் | ஜூன் 8, இரவு 9.20

அப்படியே எடுக்கிறேன், ஐயா. ஏஜென்சியிடமிருந்து இன்று பதில் வந்தது. நீக்கச் சொன்ன படங்கள் தேடலில் இனி வராது. ஆனால் அந்தப் பழைய படகுப் படத்துக்கு ஏற்கெனவே விற்ற இன்னும் இரண்டு உரிமங்கள் நடப்பில் இருக்கின்றன. ஒன்று வருகிற மார்ச்சில் முடிகிறது; மற்றது ராயல்டி ஃப்ரீ என்பதால் அதற்கு முடிவுத் தேதி கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர் யார் என்று கேட்டேன். வாடிக்கையாளர் விவரத்தைத் தர இயலாது என்றார்கள்.